டிராக் பாடிய சக்கரவர்த்தி

ஜனவரி 6

வரலாறு என் வீட்டுக் கதவைத் தட்டியபோது நான் வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் போட்டுக்கொண்டிருந்தேன். நீலக் கையோடுதான் கதவைத் திறந்தேன். ஐந்து விரலும் கதவில் பதிந்துவிட்டது. பிற்காலத்தில் அரசாங்கம் அதைக் கண்ணாடி போட்டுப் பாதுகாக்க நேரலாம் என்பதால் துடைக்கவில்லை.

வந்தவன் கிளமென்ட். என் தங்கை பிலோமினாவின் ஒரே மகன். சினிமா டைரக்டர். அவனுடைய முதல் படம் நூறு நாள் ஓடியது. இரண்டாவது படம் மேட்னி ஷோவுக்குள் முடிந்துவிட்டது.

“மாமா, ஓகே ஆயிடுச்சு.”

“வாழ்த்துகள்டா. பொண்ணு எந்த ஊரு?”

“அய்யோ, படம் மாமா! ‘பன்னிரண்டாவது மாடி’. புரொடியூசர் ஓகே சொல்லிட்டாரு. உங்க ரெக்கார்டை அப்படியே படமா எடுக்கறோம்.”

நான் உட்கார்ந்தேன். ஈரச் சட்டையின் மேல் உட்கார்ந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

ஜனவரி 7

இந்த டைரியை ஆராய்ச்சி மாணவர்கள் ஒரு நாள் கையுறை போட்டுப் புரட்டுவார்கள். அந்தக் குழந்தைகள் திணறக்கூடாது. ஆகவே சில குறிப்புகள்.

1978-ல் நானும் வின்சென்ட்டும் இன்னும் சில தலைமுடி வளர்த்த ஆத்மாக்களும் சேர்ந்து தமிழில் ஒரு ராக் ஓபரா போட்டோம். ராக் ஓபரா என்றால் ஆரம்பம் முதல் கடைசி வரை பேச்சே கிடையாது. எல்லாம் பாட்டு, எல்லாம் எலெக்ட்ரிக் கிடார். கதாநாயகன் உப்புக் கேட்பதானாலும் பின்னால் டிரம்ஸ் முழங்கப் பாடித்தான் கேட்க வேண்டும். மவுன்ட் ரோட்டில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு லிஃப்ட் ஆபரேட்டர். காலமெல்லாம் மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டவன், ஒரு நாள் தன்னைச் சக்கரவர்த்தி என்று அறிவித்துவிட்டு லிஃப்டை விட்டு இறங்க மறுக்கிறான். முதலில் வேடிக்கை பார்க்கிறார்கள். பிறகு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கரண்டும் போய்விடுகிறது. உச்சி மாடியில் மாட்டிக்கொண்டு, “கீழே யாராவது இருக்கீங்களா?” என்று பாடுகிறான். பதில் இல்லை. ரெக்கார்டு முடிந்து முள் கரகரக்கிற சத்தம்தான் பதில்.

கதை வின்சென்ட். வரிகள் வின்சென்ட். மெட்டு வின்சென்ட். கிடார் வின்சென்ட். நான் குரல் மட்டும்.

ஆனால் எப்பேர்ப்பட்ட குரல்! நான் உச்ச ஸ்தாயியில் “மேலே” என்று எடுத்தால் பேசின் பிரிட்ஜ் சிக்னல் தானாக இறங்கி மெயிலுக்கு வழிவிடும். கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் நடக்க வேண்டாம் என்று மாநகராட்சி போர்டு வைத்ததாகக்கூடப் பேச்சு உண்டு. அந்தப் பேச்சை ஆரம்பித்தவன் நான்தான் என்பது வேறு விஷயம்.

ரெக்கார்டு விற்றதா என்றால், பாதியை நாங்களே வாங்கினோம். மீதியைக் கறையான் வாங்கியது. போன வருஷம் ஜெர்மனிக்காரன் எவனோ அதை இன்டர்நெட்டில் ஏற்ற, லட்சக்கணக்கான பேர் கேட்டுவிட்டார்களாம். அதில் எங்கள் பெரம்பூர்க்காரர் ஒருவரும் இல்லை.

ஜனவரி 9

வின்சென்ட் போன் செய்தான். ஐயனாவரத்தில்தான் இருக்கிறான். கிட்னி இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்.

“டேய் பென்னி, படமாமே? கிளமென்ட்டு வந்து சொன்னான். நீதானே பாடறே?”

“என்னை விட்டா எவன்டா இருக்கான், இந்த ஆசியாக் கண்டத்துல?”

“ஒரு வாட்டி வந்து பாடிட்டுப் போயேன். கிடாரைத் தூக்க முடியல. காதால கேக்க மட்டுந்தான் முடியும்.”

“அவசரப்படாதே. படம் முடியட்டும். பெரிய ஸ்பீக்கரோட வரேன். உன் கட்டிலு எகிறி ஓட்டேரிக்குப் போய் விழும்.”

சிரித்தான். சிரிப்பு நடுவிலேயே மூச்சு வாங்குவதாக மாறிவிட்டது. ரெஜினா, அவன் மனைவி, போனை வாங்கி, “வாங்கண்ணே, ஒரு நாளு” என்றாள்.

ஐயனாவரத்துக்கு ஒரே பஸ்தான். ஆனால் இன்று கேஸ் சிலிண்டர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வரவில்லை.

ஜனவரி 20

தயாரிப்பாளர் பாலகுருநாதனைச் சந்தித்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி. இந்தியாவின் முக்கால்வாசி மார்பை மூடிக்கொண்டிருப்பவர். கிளமென்ட் கதையை ஒரு மணி நேரம் சொன்னான். அவர் கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டார் என்று நான் முடிவு கட்டியபோது வாய் திறந்தார்.

“எல்லாஞ் சரிங்க தம்பி. பேசறது எப்பங்க?”

“பேச மாட்டாங்க சார். எல்லாமே பாட்டுதான்.”

“இன்டர்வெல் வரைக்குங்களா?”

“கடைசி வரைக்கும் சார்.”

“அப்ப வில்லன்?”

“அவரும் பாடுவாரு.”

“அடி வாங்கறப்ப?”

“பாடிக்கிட்டேதான் சார் வாங்குவாரு.”

பாலகுருநாதன் என்னைப் பார்த்தார். “ஏனுங்க பெரியவரே, நீங்கெல்லாம் அந்தக் காலத்துல நல்லாத்தான இருந்தீங்க?”

கூட்டம் முடிந்தபோது பன்னிரண்டு மாடி நாற்பது மாடியாகியிருந்தது. கம்பிக் கதவு போட்ட லிஃப்ட் கண்ணாடி லிஃப்டாகியிருந்தது. சக்கரவர்த்திக்கு ஒரு காதலியும் ஒரு சண்டைக்காட்சியும் கிடைத்திருந்தன. கிளமென்ட் எல்லாவற்றுக்கும் “பண்ணிடலாம் சார்” என்றான். வெளியே வந்து டீக்கடையில் நின்று நகத்தைக் கடித்தான். சின்ன வயதில் பிலோமினா அவன் விரலில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். எண்ணெயோடு சேர்த்துக் கடித்த பிள்ளை.

பிப்ரவரி 3

கதாநாயகன் நான் இல்லையாம். எழுபது வயது தடையாம். ரிஷிவர்மன் என்று ஒரு பையன். தோள் இரண்டும் கதவு அகலம். பாட்டு சுட்டுப் போட்டாலும் வராது. வாயசைப்பான்.

“பாடறது?” என்றேன், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

“ட்ராக் நீங்க பாடுங்க மாமா.”

ஆராய்ச்சி மாணவர்களே, டிராக் என்பது சினிமாக்காரர்களின் ஏற்பாடு. பெரிய பாடகருக்கு நேரம் இல்லையென்றால், வேறொருவரைப் பாடவைத்துப் பதிவு செய்துகொள்வார்கள். அதை ஒலிக்கவிட்டு நடிகன் வாயசைக்கப் படப்பிடிப்பு நடக்கும். பிறகு பெரியவர் வந்து பாடுவார். டிராக் பாடியவன் குரலை எடுத்துவிடுவார்கள். சாரம் கட்டிக் கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரிக்கிற மாதிரி.

“நான் சாரமாடா?”

“அப்படி இல்ல மாமா. ட்ராக் நல்லா வந்தா அதையே வச்சுக்கலாம். எத்தனையோ பாட்டு அப்படித்தான் ஹிட் ஆயிருக்கு.”

நல்லா வந்தா அதையே வச்சுக்கலாம். பஸ்ஸில் வரும்போது இதைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 4

இன்று முதல் ஐஸ் தண்ணீர், தயிர், ஊறுகாய், பிலோமினாவோடு வாக்குவாதம் நான்கும் நிறுத்தம்.

பிப்ரவரி 5

பிலோமினாவோடு வாக்குவாதம் மட்டும் மீண்டும் தொடக்கம்.

பிப்ரவரி 16

பாடினேன்! இன்றைய தேதியைப் பள்ளி விடுமுறையாக அறிவிக்கலாம்.

இசையமைப்பாளர் தருணுக்குக் காதில் கடுக்கன். ஸ்டூடியோ என்பது அவன் ஃபிளாட்டின் ஒரு படுக்கையறை. அந்தக் காலத்தில் முப்பது வயலின்காரர்கள் உட்காரும் கூடத்தில் பாடியவன் நான். இங்கே கையை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கிறது. ஆனால் மைக் மைக்தான். அதன் முன்னால் நின்றதும் முழங்கால் வலி முன்அறிவிப்பின்றி மறைந்தது.

கதாநாயகனின் நான்கு நீளப் பாட்டை முடித்தேன். பழைய உச்சம் எட்டவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உச்சம்தான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. குரலில் ஒரு கரகரப்பு ஏறியிருக்கிறது. தருண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

“அங்கிள், இந்த டெக்ஸ்ச்சர் இப்ப யாருக்குமே இல்ல.”

“தம்பி, இது அம்பது வருஷம் ஊறினது.”

கிளமென்ட்டைப் பார்த்தேன். கட்டைவிரலை உயர்த்தினான். கடைசிப் பாட்டை மட்டும் வேறொரு நாளைக்கு வைத்துக்கொண்டோம்.

மார்ச் 2

ரெஜினா போன். வின்சென்ட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாளாம். “உங்களைத்தாண்ணே கேட்டுக்கிட்டே இருக்காரு.”

கடைசிப் பாட்டையும் முடித்துவிட்டு மொத்தமாகப் போய்க் காட்டுவதுதான் அழகு. அரைகுறையாகப் போய் நின்றால் அவனுக்குக் கோபம் வரும். அவன் கோபக்காரன். தவிர, ஆஸ்பத்திரி ஏசி தொண்டைக்கு ஆகாது.

ரேஷனில் பாமாயில் வாங்கினேன்.

மார்ச் 12

வின்சென்ட் காலையில் போய்விட்டான்.

தண்ணீர் லாரி வந்தது. நான்கு குடம் பிடித்தேன்.

மார்ச் 13

இன்று நான்கு மணிக்குக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம். மூன்று மணிக்கு எனக்கு ரெக்கார்டிங். கிளமென்ட் தள்ளி வைக்கலாம் என்றான். நான் மறுத்துவிட்டேன். தொழில் என்று வந்துவிட்டால் கால்ஷீட் கால்ஷீட்தான். சக்கரவர்த்திகள் சவ ஊர்வலத்தில் நடப்பதில்லை.

கடைசிப் பாட்டு. பின்னால் கிடார் மட்டும். தருண் பழைய ரெக்கார்டிலிருந்து வின்சென்ட்டின் கிடாரைக் கீறல் போகச் சுத்தம் செய்து எடுத்திருக்கிறான். இயர்போனில் அது வந்ததும், பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பயல் எப்போதும் இழுக்கும் மூச்சும் கேட்டது. அதையும் சேர்த்து விட்டுவைத்திருக்கிறான் தருண். எடுத்திருக்கலாம்.

நன்றாகத்தான் பாடிக்கொண்டு போனேன். “கீழே யாராவது” என்கிற இடத்தில் தொண்டை ஒரு மாதிரி மடங்கிவிட்டது. குரல் உடைந்து, பாதி காற்றாகப் போய், மறுபடி ஒட்டிக்கொண்டு “இருக்கீங்களா” என்று முடிந்தது. மதியம் ஸ்டூடியோவில் ஐஸ் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள். அதுதான் காரணம். “இன்னொரு டேக் போலாம்” என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தருண் கடுக்கனைத் திருகிக்கொண்டிருந்தான்.

“வேணாம் அங்கிள். ஓகே.”

வெளியே வந்தபோது மணி நாலேகால். கிளமென்ட் கார் வைத்திருந்தான். “இப்பப் போனாக்கூடப் போயிடலாம் மாமா” என்றான். தொண்டை கட்டியிருக்கிறது, தூசி ஆகாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து மிளகு ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே குடித்தேன்.

ஏப்ரல் 12

பூந்தமல்லி தாண்டி செட். நாற்பது மாடியில் மூன்று மாடிதான் கட்டியிருக்கிறார்கள். மீதியைக் கம்ப்யூட்டர் கட்டுமாம். செட்டில் பாட்டை ஒலிக்கவிடும் பெட்டிக்கு இன்னும் நாகரா என்றே பெயர். “நாகரா!” என்று கிளமென்ட் கத்தினான். மைதானம் முழுக்க என் குரல் எழுந்தது. அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலை தூக்கின. நடனக்காரர்கள் ஆடினார்கள், லைட்மேன்கள் முணுமுணுத்தார்கள், சாப்பாடு பரிமாறுகிற அம்மாள் கரண்டியால் தாளம் போட்டாள். என் எழுபது வருஷ வாழ்க்கையில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் என் குரலுக்குக் கட்டுப்பட்டதில்லை. ஒலியைக் கொஞ்சம் கூட்டியிருந்தால் ஆவடி ராணுவமே அணிவகுத்து வந்திருக்கும்.

ரிஷிவர்மன் நல்ல பையன். மதியம் என் நாற்காலிப் பக்கம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“சார், நீங்க எங்க மூச்சு விடறீங்கன்னு எனக்குக் காட்டுங்க. வாய் ஒட்டினாப் போதாது, நெஞ்சும் ஒட்டணும்.”

காட்டினேன். என் மார்பில் கை வைத்துப் பார்த்துக் கற்றான். நான் எச்சில் விழுங்கும் இடத்தில் அவனும் விழுங்கினான். நான் இடது கண்ணைச் சுருக்குவேனாம். எனக்கே தெரியாது. அவன் சுருக்கினான்.

“தியேட்டர்லயும் உங்க குரல்தானே சார்?”

“நல்லா வந்தா அதையே வச்சுக்குவாங்க தம்பி.”

“அப்ப சந்தேகமே இல்ல சார்.”

மே 6

உச்சக்கட்டம் எடுத்தார்கள். ரிஷிவர்மன் கண்ணாடி லிஃப்டில் நின்று, “கீழே யாராவது இருக்கீங்களா?” என்று வாயசைத்தான். தொண்டை மடங்கும் இடத்தில் அவன் கழுத்து நரம்பு அப்படியே மடங்கியது. கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உடனே கீழே நின்ற ஐந்நூறு துணை நடிகர்கள் கையை உயர்த்தி, “இருக்கோம் தலைவா!” என்று கத்தினார்கள்.

எழுந்து கிளமென்ட்டிடம் போனேன். “என்னடா இது?”

“புரொடியூசர் கேட்டாரு மாமா. ஹீரோ கேள்வி கேட்டு ஜனங்க சும்மா இருந்தா ஃபேன்ஸ் ஒத்துக்க மாட்டாங்களாம்.”

“யாரும் இல்லங்கறதுதானடா கதையே.”

“தெரியும் மாமா.”

நகத்தைக் கடித்தான். நான் போய் மோர் குடித்தேன். நல்ல மோர்.

ஜூன் 18

மும்பையிலிருந்து பெரிய பாடகர் வந்தார். அவர் பெயரை எழுதினால் என் பேனா கூசும். மும்பைக் குயில் என்று வைத்துக்கொள்வோம். பாட்டுக் கம்பெனிக்காரர்கள் குயிலின் பெயர் இருந்தால்தான் வாங்குவார்களாம். குயிலோடு மேக்கப்மேன், சமையல்காரர், தேன் பாட்டில் தூக்குவதற்கென்று தனியாக ஓர் ஆள்.

குயில் பாடினார். குறை சொல்ல முடியாது. சர்க்கரைப் பாகைச் சலவைக்கல்லில் ஊற்றிய மாதிரி. ஆனால் திரையில் ரிஷிவர்மன் மூச்சிழுக்கும்போது குயில் பாடுகிறார். ரிஷிவர்மன் பாடும்போது குயில் மூச்சிழுக்கிறார். ஒரு இடமும் ஒட்டவில்லை. படம் முழுக்கப் பாட்டு, பாதிக்கு மேல் முகத்துக்கு அருகில் எடுத்தது. மறைக்க வழியே இல்லை. கடைசிப் பாட்டில் அந்த “யாராவது” வந்தபோது குயில் எட்டு முறை முயன்றார். எட்டு முறையும் பிசிறில்லாமல் அழகாக வந்தது. “ஐ டோன்ட் கிராக், யார்” என்று, தன் குரல் உடையவே உடையாது என்பதை இந்தி கலந்த இங்கிலீஷில் சொல்லி, தேன் குடித்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

நான் சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். முகத்தில் துக்கத்தைக் காட்ட நான் பட்ட பாட்டுக்கே ஒரு விருது தரலாம்.

ஜூன் 19

வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குப் போட்டேன். பாட்டு வெளியீட்டு விழாவில் மேடைக்குக் கூப்பிடுவார்கள்.

ஜூலை 7

கிளமென்ட் வந்தான். கையில் பிரியாணிப் பொட்டலம். எனக்கு லெக் பீஸ் எடுத்து வைத்தான். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“மாமா, ட்ராக் பிரமாதமா வந்திருக்கு.”

“சொல்லு.”

“அதையே வச்சுக்கறோம்.”

நான் எலும்பைக் கீழே வைத்தேன்.

“அதையேன்னா... உங்க பாட்டு அப்படியே இருக்கும். மூச்சு, இழுவை, உடையற எடம், எல்லாம். அது மேல கம்ப்யூட்டர்ல அந்த மும்பைப் பாடகர் குரலைப் போர்த்திடறோம். அவர் குரலை மெஷின் கத்துக்கிச்சு. அவரும் ஒத்துக்கிட்டாரு.”

“புரியலடா.”

“பாட்டு பூரா நீங்கதான் மாமா. குரல் மட்டும்தான் அவரு.”

போனில் போட்டுக் காட்டினான். கேட்டேன். நான் நிற்கும் இடத்தில் நிற்கிறது. நான் எச்சில் விழுங்கும் இடத்தில் விழுங்குகிறது. என் வீட்டில் என் நாற்காலியில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு ஒருவன் உட்கார்ந்து காப்பி குடிப்பதுபோல் இருந்தது.

“நீங்க வேணாம்னா வேணாம் மாமா. உங்களை மீறிப் பண்ண மாட்டேன். ஆனா மும்பைக்காரர் பேர் இல்லன்னா பாட்டுக் கம்பெனி வெளிய போயிடும். அப்புறம் பாலகுருநாதன் சாரும் போயிடுவாரு. பரவால்ல. நிறுத்திடறேன்.”

அவன் விரல்களைப் பார்த்தேன். கடிக்க நகமே இல்லை. தோலைக் கடித்திருக்கிறான்.

“கடைசிப் பாட்டை மட்டும் விட்டுடேன்டா. அதுல மட்டும் நான் இருந்துட்டுப் போறேன்.”

கிளமென்ட் பொட்டலக் காகிதத்தை மடித்தான். மறுபடி பிரித்தான்.

“அதைத்தான் மாமா பாட்டுக் கம்பெனிக்காரங்க மொதல்ல கேட்டதே.”

சக்கரவர்த்திகள் தானம் செய்வார்கள். கவசம் கேட்டால் கவசம், குண்டலம் கேட்டால் குண்டலம். “எடுத்துக்கோடா” என்றேன், ராஜ கம்பீரமாக. கை கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லிக் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஜூலை 9

பிலோமினா மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தாள்.

“உனக்கு வாய் இல்லியாண்ணே? ஊருக்கெல்லாம் அளந்து விடறியே, அவன் கிட்ட முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியல?”

“கலைக்கு ஏதும்மா சொந்தக்காரன்.”

“கலையாம் கலை. போயி கண்ணாடியில மூஞ்சியப் பாரு.”

போய்ப் பார்த்தேன். சவரம் செய்ய வேண்டியிருந்தது.

செப்டம்பர் 13

படம் வெளியானது. கிளமென்ட் டிக்கெட் அனுப்பியிருந்தான். ரெஜினாவை அழைத்துக்கொண்டு போனேன். அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை.

எழுத்துப் போடும்போது, ‘மூலக் கதை, பாடல்கள், இசை: வின்சென்ட்’ என்று தனியாகப் பெரிதாக வந்தது. ரெஜினா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வின்சென்ட் பெயரைத் தனியாகப் போடுவதாகச் சொன்ன வாக்கில் கிளமென்ட் தவறவில்லை. என் பெயரும் வந்தது. ‘நன்றி’ என்ற தலைப்பில், தீயணைப்புத் துறைக்கும் ஒரு சமையல் காண்ட்ராக்டருக்கும் நடுவில்.

கடைசிப் பாட்டு. லிஃப்ட் நின்றது. வின்சென்ட்டின் கிடார். அந்த மூச்சு. பிறகு குயிலின் குரல், என் தொண்டையோடு, ஏறியது. “யாராவது” உடைந்தது. முன் வரிசையில் யாரோ விசும்பினார்கள். அடுத்த நொடி திரையில் ஐந்நூறு பேரும் தியேட்டரில் ஆயிரம் பேரும், “இருக்கோம் தலைவா!” என்று அலறினார்கள். பேப்பர் பறந்தது.

வெளியே ஆட்டோவுக்கு நின்றபோது ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“கடைசிப் பாட்டு என்னமாப் பாடியிருக்காருண்ணே அந்த மனுசன். எங்க வீட்டுக்காரரு கேட்டிருந்தா உசுரோட எழுந்து உக்காந்திருப்பாரு. தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க பாடறது வேற மாதிரி இருக்கும்ல?”

“ஆமாம்மா. நான் கொஞ்சம் கரகரப்பாப் பாடுவேன்” என்றேன்.

ஆட்டோக்காரன் ஐயனாவரத்துக்கு இருநூற்றைம்பது கேட்டான். பகல் கொள்ளை.

அக்டோபர் 3

டிவியில் குயில் பேட்டி. தமிழ்ப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அந்த ‘யாராவது’ல உடைவீங்களே சார், அது எப்படி?”

குயில் கண்ணை மூடினார். நெஞ்சில் கை வைத்தார். அந்த இடத்தில் இறந்துபோன தன் அப்பாவை நினைத்துக்கொண்டாராம்.

சேனலை மாற்றினேன். சமையல் நிகழ்ச்சி. கத்தரிக்காயை நெருப்பில் சுட்டுத் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். முழுதும் பார்த்தேன்.

நவம்பர் 10

கிளமென்ட்டுக்கு அடுத்த படம் கிடைத்துவிட்டது. பிலோமினா அவனோடு பேச ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் சுபம். ஒரு வாரமாக மழை. துணி காயவில்லை.

டிசம்பர் 15

எங்கள் கோயில் இளைஞர்கள் வீடு தேடி வந்தார்கள். கிறிஸ்துமஸ் கலைவிழாவில் நான் ஒரு பாட்டுப் பாட வேண்டுமாம். தலைமை, ஷெரின் என்று ஒரு பெண். காலேஜில் படிக்கிறாள், கோயிலில் பாடும் கொயரை நடத்துகிறாள்.

“அங்கிள், நீங்க அந்தக் காலத்துல ஏதோ பேண்டுல பாடினீங்களாமே. இப்ப எல்லாரும் ‘யாராவது’ பாட்டுதான் கேக்கறாங்க. அதை ட்ரை பண்ணுங்களேன்.”

ஏதோ பேண்டு! ட்ரை! பேரரசர்களைப் பொறுமைசாலிகளாகக் கடவுள் படைத்தது இதற்காகத்தான். “பார்க்கலாம்மா” என்றேன்.

டிசம்பர் 20

ஒத்திகை. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் பாடினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பையன் விசில்கூட அடித்தான். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஹாலே என் குரலுக்குக் கூரை பறக்காமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டப்பட்டது என்று சொன்னேன். சிரித்தார்கள்.

ஷெரின் தனியாக வந்தாள். நல்ல பெண். மனசு நோகக்கூடாது என்று வார்த்தை தேடினாள்.

“சூப்பர் அங்கிள். அப்படியே அவரு மாதிரியே பாடறீங்க. ஆனா அந்த ‘யாராவது’ல அவரு ஒடைவாரு இல்ல? அது மட்டும் வரல. நீங்க ஸ்ட்ராங்காப் பாடிட்டுப் போயிடறீங்க. ஒரு ரெண்டு நாள் அவர் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பாடிப் பாருங்க அங்கிள், வந்துடும்.”

“சரிம்மா” என்றேன்.

டிசம்பர் 21

காலையில் தண்ணீர் பிடித்து, அரிசி ஊறப்போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இயர்போனை மாட்டி அவர் பாட்டைப் போட்டேன். எங்கே மூச்சை இழுக்கிறார், எங்கே நிறுத்துகிறார், எந்த எழுத்தில் பிடி விடுகிறார் என்று கவனித்தேன். நல்ல பாடகர்தான். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கூடவே பாடினேன். பிறகு தனியாகப் பாடினேன். ஐஸ் தண்ணீர்கூட வாங்கிவரச் செய்து ஒரு சொம்பு குடித்துவிட்டுப் பாடிப் பார்த்தேன்.

பிலோமினா சாப்பாடு கொண்டுவந்து கதவருகே நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ.

“என்னண்ணே பண்றே?”

“பிராக்டிஸ்.”

டிபன் பாக்ஸை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். சண்டை போடாமல் அவள் போவது இதுதான் முதல் தடவை.

இருட்டும் வரை பாடினேன். குரல் உடையவே மாட்டேன் என்கிறது. நாளைக்கு விழா. காலையில் எழுந்து இன்னும் கொஞ்சம் அவரைக் கேட்க வேண்டும்.